வேப்பங்கொட்டைக் கரைசல் 'விரட்டி' ஆகுமா?

வணக்கம்ங்க.

வேப்பங்கொட்டைக் கரைசலுக்கும் 'பூச்சிவிரட்டி' என்ற பேரே போதும் என்று இந்தக் கலைச்சொல் விவாத இழையை முடிக்கப் பார்க்கிறீர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசலை விரட்டி எனலாம். நெடி தாங்காமல் பூச்சி ஒதுங்கும். வேப்பங்கொட்டை அப்படியில்லை. பூச்சி வரும், உட்காரும், ஒரு கடி கடித்துப் பார்க்கும், அப்புறம் தின்னாது. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் வேப்பமரங்களில் இறங்கியும் தின்னாமல் கிளம்பியதை ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஷ்முட்டரர் கவனித்தார். அதற்குக் காரணமான அசாடிராக்டின் என்ற வேதிப்பொருளை வேப்பங்கொட்டையிலிருந்து 1968இல் பிரித்தெடுத்தார்கள். வயிற்றுக்குள் போனால் புழு தோலுரிப்பதையும் அது கெடுக்கும். அது தனிக் கதை.

பேர் எதுவானால் என்ன என்பீர்கள். எங்கள் கோபிப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர் 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, சோப்பும் கலந்து, வெயில் தாழ நிலக்கடலைக்கு அடித்தார். முறையில் குறையே இல்லை. விடிந்து பார்த்தால் புகையிலைப் புழு அங்கேயே இருக்கிறது. "விரட்டின்னாங்க, ஒண்ணுகூட ஓடலைங்களே" என்று மருந்துக்கடைக்கு வண்டியை எடுத்துவிட்டார். புழுவைத்தான் தேடினார், இலையில் புது ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. அந்தப் பேர் அவரை அப்படித் தேட வைத்தது.

சரி, வேறு சொல்? 'உணவெதிர்ப்பி' உண்ணாவிரதப் பந்தலை நினைவூட்டுகிறது. 'தின்னாப்பொருள்' எனக்கு முதலில் பிடித்தது. ஆடுதின்னாப்பாளை என்று செடிக்கே பேர் வைத்தவர்கள் நாம். ஆனால் ஆடு தின்னாதது அந்தப் பாளையையே. இங்கே பூச்சி தின்னாதது பயிரை, கரைசலை அல்ல. பொருள் இடறுகிறது.

கன்றுக்குட்டி மண் தின்னாமலிருக்க வாய்க்கூடு மாட்டுகிறோம். கன்று கட்டுத்தரையிலேயேதான் நிற்கும், வாய் மட்டும் ஓடாது. அதை வைத்து 'வாய்கட்டி' என்கிறேன். பூச்சிக்கொல்லி, பூச்சிவிரட்டி, பூச்சிவாய்கட்டி. பாம்புக்கு வாய்க்கட்டு மந்திரம் போடுகிற மாதிரி இருக்கிறது என்று யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பேர் மறக்காது.

வாயைக் கட்டுவது என்று விரிவதால் 'க்' போடாமல் எழுதியிருக்கிறேன். மிகுமா, மிகாதா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.