கோடைக்குக் குண்டுப் புத்தகமா, ஒல்லிப் புத்தகமா?

மாசிவீதிக்காரன்:
மதுரையில் சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பியாச்சு. அக்னி நட்சத்திர வெயிலில் மத்தியானம் தலைகாட்ட முடியவில்லை. தடித்த நாவலைக் கையில் எடுக்க இதுதான் சமயம். என் சிபாரிசு சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’. 2011-இல் சாகித்ய அகாடமி விருது பெற்றது, ஆயிரம் பக்கத்துக்கு மேல். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டையை இடித்த கதை அதில் வருகிறது. வெளிவீதியில் தினமும் வண்டி ஓட்டுகிறவர்கள் அந்தப் பகுதியையாவது படிக்க வேண்டும். அந்தக் கோட்டைச் சுவர் இருந்த இடத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

திருமங்கலம் டீச்சர்:
லீவு யாருக்கு தம்பி? என் பிள்ளைகள் வீட்டில், நாத்தனார் பிள்ளைகளும் வீட்டில், மொட்டை மாடியில் வடகம். வருஷத்திலேயே நான் மிகக் குறைவாகப் படிப்பது மே மாதம்தான். ஜூனில் பள்ளி திறந்து, பெரியார் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால்தான் எனக்கு வாசிப்பு. அதற்கு ஒல்லிப் புத்தகம் வேண்டும். சி.சு. செல்லப்பாவின் ஜல்லிக்கட்டுக் குறுநாவல் ‘வாடிவாசல்’ போல. 1959-இல் வந்தது, பையில் வைத்தால் கனமே தெரியாது.

மாசிவீதிக்காரன்:
‘வாடிவாசல்’ பஸ்ஸிலா! நாயகன் பிச்சி காரிக் காளை முன்னால் நிற்கிற நேரத்தில் கண்டக்டர் “பழங்காநத்தம் இறங்கு” என்பார். அதெல்லாம் தை மாதம், அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கு முந்தின நாள், ஒரே மூச்சில் படிக்க வேண்டிய கதை.

திருமங்கலம் டீச்சர்:
மாட்டுப் பொங்கல் அன்றைக்கா? சரிதான். அன்றைக்கு வீட்டில் ஒரே மூச்சில் நடப்பது சமையல் மட்டும்தான். நீங்கள் படித்துக்கொண்டிருந்தபோது சாப்பாடு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லுங்கள். பசுமலையில் விட்ட வரியைத் திரும்பும்போது எடுப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. காரி பள்ளிக்கூடம் வரைக்கும் மனசுக்குள் கூடவே வரும்.

நத்தம்ரோடு வாசகன்:
புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்தது. ஏசி இருக்கிறது, குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு நீங்கள் மேலே போய்ப் படிக்கலாமே டீச்சர்?

திருமங்கலம் டீச்சர்:
நல்ல யோசனை. ஆனால் கூட்டி வரப்போவது நான் இல்லை, பிள்ளைகளின் அப்பா. ஞாயிற்றுக்கிழமை வருவார், சொல்லிவிட்டேன். நான் வீட்டில் ஃபேனுக்கு அடியில் இருப்பேன். மாசிவீதித் தம்பி, கோட்டை இடிக்கிற இடம் எந்தப் பக்கம்? நேராக அங்கே போகிறேன்.

மாசிவீதிக்காரன்:
நடுவிலிருந்தா? சொல்ல மாட்டேன் டீச்சர். முதல் பக்கத்திலிருந்து வாங்க.