போட்டிக்கு அனுப்பிய படத்தில் ஐஎஸ்ஓ, ஷட்டர் விவரமெல்லாம் எங்கே போயிற்று?

கூந்தன்குளத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிறு விடிகாலை கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் எடுத்த படம். சங்குவளை நாரை ஒன்று அலகில் குச்சியோடு கூட்டில் இறங்குகிறது. நிக்கான் டி7200, 200-500 லென்ஸ். 500-இல் வைத்து அப்பர்ச்சர் எஃப் 7.1, ஷட்டர் 1/2000, ஐஎஸ்ஓ 640. இதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது, படத்துக்கு நினைவில்லை. அதுதான் பிரச்சினை.

ஒரு போட்டிக்கு அனுப்பினேன். "எக்சிஃப் விவரம் இல்லை, இது நீங்கள் எடுத்ததுதானா?" என்று கேட்டுத் திருப்பி விட்டார்கள். எக்சிஃப் என்றால் கேமரா படத்தோடு சேர்த்தே எழுதி வைக்கும் இந்த விவரங்கள்தான். சேறு காலில் காயும்வரை இரண்டு மணி நேரம் வரப்பில் குந்தியிருந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

நான் செய்தது இவ்வளவுதான்: லேப்டாப்பில் போட்டோஷாப் வைத்துக் கொஞ்சம் வெட்டி, வெளிச்சம் சரிசெய்து, எக்ஸ்போர்ட் கொடுத்து ஜேபெக் எடுத்தேன். வாட்ஸ்அப்பில் என் போனுக்கே அனுப்பினேன். போனிலிருந்து போட்டித் தளத்தில் ஏற்றினேன். இப்போது போனில் அந்தப் படத்தின் விவரத்தைத் திறந்தால் அளவும் தேதியும் மட்டும் இருக்கின்றன. அந்தத் தேதியும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்கிறது!

இன்னொரு குழப்பம். அப்பாவின் பழைய 50 எம்எம் நிக்கோர் லென்ஸை இதே பாடியில் மாட்டி ஊர்த் தேர் எடுத்தேன். அதில் கேமரா பெயர், ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் வருகின்றன. அப்பர்ச்சரும் (எஃப் எண்) ஃபோகல் லெங்த்தும் (எம்எம் அளவு) மட்டும் பூஜ்யம். அந்தப் படம் இணையத்துக்கே போகவில்லை, கார்டிலிருந்து நேராக லேப்டாப்புக்கு வந்தது. சர்வீஸ் கடையில் கேட்டால் "போர்டைப் பார்க்கணும், கொண்டு வாங்க" என்கிறார்கள். கேமராவே கெட்டுவிட்டதா?

அவசரக்காரன்:

வாட்ஸ்அப்தான் காரணம். டாக்குமெண்டாக அனுப்பியிருந்தால் அப்படியே வந்திருக்கும்.

பழைய ஸ்டூடியோ:

தம்பி, முதலில் போர்டைக் கழற்ற விடாதீர்கள். கேமரா நன்றாகத்தான் இருக்கிறது.

முப்பது வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். அப்போதெல்லாம் நெகட்டிவை ஒரு கவரில் போட்டு, கவர் மேல் வீட்டுக்காரர் பெயர், தேதி, எத்தனை பிரிண்ட், எந்த சைஸ் என்று எழுதுவோம். கல்யாண வீட்டுக்காரர் பிரிண்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனால், கவரில் எழுதியது கூடவே போகுமா? எக்சிஃப் அந்தக் கவர் எழுத்து மாதிரி. ஜேபெக் ஃபைலின் முன்பகுதியில் 64 கேபிக்குள் அடங்கும் ஒரு சீட்டு. கேமரா பெயர், ஷட்டர், ஐஎஸ்ஓ, எடுத்த நேரம், ஒரு குட்டிப் படம் எல்லாம் அதில் இருக்கும். நாரை இருப்பது அதற்குப் பின்னால். சீட்டைக் கிழித்தாலும் நாரைக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் கிழிந்தது யாருக்கும் தெரிவதில்லை.

நீங்கள் சொன்ன வழியில் கிழிய மூன்று இடம் இருக்கிறது. எல்லோரும் வாட்ஸ்அப்பைத்தான் திட்டுவார்கள், மேலே ஒருவர் திட்டிவிட்டார். எனக்கு முதல் சந்தேகம் போட்டோஷாப் மேல். அதில் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' திறந்து மெட்டாடேட்டா என்ற இடத்தைப் பாருங்கள். இரண்டே வாய்ப்புதான்: ஒன்றும் வேண்டாம், அல்லது காப்புரிமையும் தொடர்பு விவரமும். எதைத் தொட்டாலும் ஷட்டர், ஐஎஸ்ஓ வராது. 'சேவ் எ காப்பி' போய் ஜேபெக் எடுத்தால் வரும். நான் ஒரு ஆல்பம் முழுவதையும் அந்த எக்ஸ்போர்ட்டில் எடுத்துவிட்டு, பிறகு நேர வரிசைப்படி அடுக்க முடியாமல் இரண்டு ராத்திரி முழித்தேன். தாலி கட்டுவதற்கு முன்னால் சாப்பாட்டுப் பந்தி வந்து நின்றது.

வாட்ஸ்அப்பில் போன படத்தைப் பெயரிலேயே கண்டுபிடிக்கலாம். உங்கள் போனில் அது 'ஐஎம்ஜி-20250128-டபிள்யூஏ' என்கிற மாதிரி இருக்கும். அந்த எட்டு இலக்கம் படம் எடுத்த நாள் இல்லை, வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த நாள். உங்கள் செவ்வாய்க்கிழமை அங்கேயிருந்துதான் வந்தது. அளவையும் பாருங்கள், 6000க்கு 4000 பிக்சல் இருந்த படம் 1600 பிக்சல் பக்கம் சுருங்கியிருக்கும். எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் அது திரும்பச் சுருக்கிய படம்தான்.

இப்போது அப்பாவின் லென்ஸ். கழற்றி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். 200-500இல் தங்க நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அதன் வழியாகத்தான் லென்ஸ் தன்னைப் பற்றிக் கேமராவிடம் சொல்கிறது. அப்பாவின் லென்ஸில் வெறும் உலோக வளையம் இருக்கும், அதற்கு வாய் கிடையாது. ஆக இங்கே சீட்டு கிழியவில்லை, எழுதப்படவே இல்லை. டி7200 செட்டப் மெனுவில் 'நான்-சிபியு லென்ஸ் டேட்டா' என்று ஒன்று, இப்படி வாயில்லாத லென்ஸுக்கென்றே இருக்கிறது. அதில் 50 என்றும், லென்ஸில் பொறித்திருக்கும் அதிகபட்ச அப்பர்ச்சரையும் ஒருமுறை கொடுங்கள். ஒன்பது லென்ஸ் வரை அது நினைவில் வைத்துக்கொள்ளும். லென்ஸ் மாற்றும்போது சரியான எண்ணைத் தேர்வு செய்ய மட்டும் மறக்காதீர்கள். மறந்தால் பூஜ்யத்துக்குப் பதில் பொய் எழுதும், அது இன்னும் மோசம்.

நிரலன்:

அண்ணாச்சி சொன்னது சரி. தளங்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன், எனக்கு அதுதான் பிழைப்பு.

நீங்கள் ஏற்றும் ஃபைலைப் பெரும்பாலான தளங்கள் அப்படியே வைத்துக் காட்டுவதில்லை. படத்தைப் பிரித்து, சின்னது பெரியது என்று நாலைந்து அளவில் புதிதாக எழுதுகின்றன. தளம் கட்டப் பயன்படும் பிஎச்பி மொழியில், படத்தைக் கையாளும் ஜிடி என்ற நிரல் தொகுப்பை வைத்து அப்படி எழுதினால் பழைய சீட்டு தானாகவே விடுபட்டுவிடும், யாரும் வேண்டுமென்று நீக்க வேண்டியதில்லை. தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் 2019இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து 2560 பிக்சலைத் தாண்டிய படத்தைச் சுருக்கித்தான் காட்டுகிறது. ஃபிளிக்கர் மாதிரி சில இடங்கள்தான் அப்பர்ச்சர், ஷட்டரைப் படத்துக்குக் கீழே எடுத்துப் போடுகின்றன. படம் எடுப்பவர்களுக்கென்றே வந்த தளம், அதனால்.

வேண்டுமென்றே நீக்குவதும் உண்டு, எடுத்த இடம் வெளியே தெரியக் கூடாது என்று. 2012 டிசம்பரில் ஜான் மெக்காஃபி, ஆன்டிவைரஸ்காரர், போலீசுக்குத் தெரியாமல் ஒளிந்து திரிந்தார். கூடவே போன பத்திரிகைக்காரர்கள் போனில் எடுத்த படத்தை அப்படியே தளத்தில் போட, அதிலிருந்த ஜிபிஎஸ் அவர் குவாத்தமாலாவில் இருப்பதைச் சொல்லிவிட்டது. ஆண்ட்ராய்டு 10 முதல், படத்திலிருக்கும் இடக்குறிப்பைப் படிக்க ஆப்கள் தனி அனுமதி வாங்க வேண்டும்.

போட்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. எக்சிஃப் இருந்தால் அசல், இல்லையென்றால் போலி என்பது சரியான கணக்கில்லை. எக்சிஃப்டூல் என்ற இலவசக் கருவி 2003 முதல் இருக்கிறது. ஒரே வரிக் கட்டளையில் ஒரு படத்தின் விவரத்தை இன்னொன்றுக்கு மாற்றிவிடலாம். கேட்பதானால் ரா ஃபைலை, அதாவது கேமரா முதலில் எழுதிய மூல ஃபைலைக் கேட்க வேண்டும்.

வலசை:

டாக்குமெண்டாக அனுப்பச் சொல்கிறீர்களே, அதில் எனக்கு ஒரு சூடு உண்டு. போனில் எடுத்த ஆந்தைக் கூட்டுப் படத்தை அப்படித்தான் ஒரு குழுவில் போட்டேன், தரம் குறையக் கூடாது என்று. இடக்குறிப்பும் சேர்ந்தே போய்விட்டது. அடுத்த ஞாயிறு அந்தப் பனைக்கு அடியில் ஐந்து கார். டி7200க்குள் ஜிபிஎஸ் கிடையாது, உங்கள் நாரைக்கு ஆபத்தில்லை. போனில் எடுப்பவர்கள் லொக்கேஷனை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

கூந்தன்குளத்தான்:

அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடியே ஒவ்வொரு படியாகச் சோதித்தேன். லேப்டாப்பில் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ். கேமராவின் நெஃப் ஃபைலில், அதாவது நிக்கானின் ரா ஃபைலில் எல்லாம் இருக்கிறது. எக்ஸ்போர்ட் செய்த ஜேபெக்கில் அப்போதே இல்லை, அதாவது வாட்ஸ்அப்புக்குப் போகும் முன்பே காலி. அதை டாக்குமெண்டாக அனுப்பியிருந்தாலும் வெறும் ஃபைல்தான் போயிருக்கும். பாவம், மூன்று நாளாக வாட்ஸ்அப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

லென்ஸைக் கழற்றிப் பார்த்தேன், வளையம்தான், புள்ளி ஒன்றுகூட இல்லை. மெனுவில் 50, 1.4 கொடுத்துவிட்டு மாடியில் காய்ந்த வேட்டியை ஒரு படம் எடுத்தேன். எஃப் 4, 50 எம்எம் என்று அழகாக வந்துவிட்டது. அப்பாவிடம் காட்டினேன். "நான் அந்தக் காலத்தில் நோட்டில் எழுதி வைப்பேன்" என்றார். பரணில் நோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

போட்டிக்காரர்களுக்கு நெஃப் ஃபைலையே அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் இல்லை. சர்வீஸ் கடையிலிருந்து மட்டும் இன்று காலையும் போன் வந்தது, கேமராவை எப்போது கொண்டு வருகிறீர்கள் என்று.