அடியில் ஆறெழுத்து: நான் கட்டிய பள்ளிக் கட்டணம்

பெய்ஜிங்கில் வேலை பார்த்த 2 வருடமும் சனிக்கிழமை விடிவதற்குள் பான்ஜியாயுவான் பழம்பொருள் சந்தைக்குப் போய்விடுவேன். இருட்டில் டார்ச் அடித்துப் பொருள் பார்ப்பார்கள். அங்கே ஒருநாள் நீலப் பூ போட்ட வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்று சிக்கியது. கவிழ்த்தால் அடியில் ஆறு எழுத்து: மகா மிங், செங்ஹுவா ஆண்டுகளில் செய்தது. அதை வாசிக்கத் தெரிந்ததுதான் வினை. செங்ஹுவா என்றால் மிங் வம்சப் பேரரசர் ஒருவரின் ஆட்சிக்காலம், 1465 முதல் 1487 வரை! 8,000 யுவான் சொன்னவர் 600க்கு இறங்கியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அலுவலகத்தில் ஒரு பெரியவர் இதில் ஊறியவர். அவர் எழுத்தைப் பார்க்கவே இல்லை. அடிவளையத்தை விரலால் தடவினார், லென்ஸ் வைத்துப் பார்த்தார், ஈரத்துணியால் துடைத்தார். பழுப்பு அழுக்கு துணியோடு வந்துவிட்டது. "கீறல் எல்லாம் ஒரே திசையில் ஓடுது பார், உப்புத்தாள் வேலை" என்றார். நிஜமாகவே புழங்கிய பொருளில் கீறல்கள் தாறுமாறாக, ஆழம் கூடிக் குறைந்து கிடக்குமாம்.

அப்புறம்தான் எழுத்துக்கு வந்தார். பின்னால் வந்த காங்ஷி பேரரசர் காலத்திலேயே (1662–1722) செங்ஹுவா பெயரைப் போட்டிருக்கிறார்கள். அது பழைய கைவேலைக்குக் காட்டிய மரியாதை. 1677இல், பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தெஜென் நகரத்து அதிகாரி ஒருவர், ஆளும் பேரரசர் பெயரைப் பீங்கானில் எழுதவே தடை போட்டார். உடைந்து குப்பைக்குப் போனால் பெயருக்கு இழுக்காம். 19ஆம் நூற்றாண்டில் வந்தவர்களோ காங்ஷி பெயரைப் போட்டார்கள். ஆக, எழுத்தை நம்பி 'இதற்கு முந்தியதல்ல' என்று மட்டும் சொல்லலாம்.

ஏமாந்து விட்ட காசைச் சீனர்கள் 'பள்ளிக் கட்டணம்' என்பார்கள். 600 யுவான், சலுகைக் கட்டணம்தான். நீங்கள் எவ்வளவு கட்டினீர்கள்?

*

அண்ணே, நான் கட்டியது பினாங்கில். ஆளுயரத்தில் பாதி இருக்கும் பூச்சாடி, 'சிங் வம்ச ராஜாக்கள் காலத்து ஐட்டம்' என்றார் கடைக்காரர். அடியில் ஒரு காசு அளவுக்கு மட்டும் பளபளப்பு இல்லை. சூளையில் ஒட்டிய தழும்பு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அங்கே 'மேட் இன் சைனா' என்று இருந்ததைத்தான் ராவி எடுத்திருக்கிறார்கள்! இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது 1891 முதல். அந்த எழுத்து இருந்தால் அதற்கு முந்தைய வயது சொல்லி விற்க முடியாதே. ஜாடி இப்போது வாசலில் குடை தாங்குகிறது.

*

என் தட்டு அசல்தான், அதுவும் வருத்தம்தான். வாங்க வந்தவர் விரல்நுனியில் ஏந்தி நகத்தால் சுண்டினார். 'ணங்' என்று ஒலிக்காமல் 'டொக்' என்றது. பிறகு விளக்கை அணைத்து ஊதாக்கதிர் டார்ச் அடித்தார். ஓரத்தில் ஒரு திட்டு மட்டும் வேறு நிறத்தில் ஒளிர்ந்தது. யாரோ விரிசலை அடைத்துப் பூசியிருக்கிறார்கள். சொன்ன விலையில் கால்வாசிக்கு வந்தார். இன்னும் கொடுக்கவில்லை.