ரெண்டாவது பாகத்துல அந்த அம்மா எங்க?

குழு: நம்ம வீட்டு ஆளுங்க
ஞாயிறு இரவு

10:52 கார்த்தி: முடிச்சாச்சு. எக்ஸார்சிஸ்ட் பார்ட் டூ, 1977ல வந்தது. யாராவது முழிச்சிருக்கீங்களா, இத யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும்

10:53 நிலா: சித்தப்பா நானும் இப்பதான் முடிச்சேன்

10:53 நிலா: பயமே வரல. போன வாரம் முதல் பாகம் பாத்துட்டு மூணு நாள் ஹால் லைட்ட யாரையும் அணைக்க விடல நான். இதுல பாதியிலயே கண்ணு சொக்குது

10:55 சித்தி: இந்த நேரத்துல என்ன பேய்ப்படம். நாளைக்கு காலேஜ் இல்லையா உனக்கு

10:55 நிலா: லீவு சின்ன பாட்டி

10:56 கார்த்தி: நான்தான் சித்தி பாக்க சொன்னேன். ரெண்டையும் அடுத்தடுத்து பாத்தா எங்க கோட்ட விட்டாங்கன்னு தெரியும்ல

10:59 நான்: நான் போன வருஷமே பாத்துட்டேன் டா இத. மனசே விட்டுப்போச்சு. முதல் படம் எனக்கு எவ்வளவு உசுருன்னு உனக்குத் தெரியும், அதோட தொடர்ச்சின்னு ஆசையா உக்காந்தா அரைமணி நேரத்துலயே இது வேற யாரோ வேற எதுக்கோ எடுத்த படம்னு ஆயிடுச்சு

11:00 கார்த்தி: ஆளுங்கள பாரு க்கா. ரிச்சர்ட் பர்ட்டன் பாதிரியாரா வராரு, ஆஸ்கர் வாங்கின லூயிஸ் ஃப்ளெட்சர் டாக்டர், மியூசிக் என்னியோ மோரிகோனே, டைரக்டர் ஜான் பூர்மன், அவரு டெலிவரன்ஸ் எடுத்தவரு. முதல் படத்துல பேய் பிடிச்ச பொண்ணா நடிச்ச லிண்டா ப்ளேரும் இதுல இருக்கு. இத்தனை பேரு இருந்தும் எப்படி க்கா

11:01 நிலா: அந்த மெஷின் என்ன அத்தை அது, ரெண்டு பேரு தலையில பட்டை கட்டி லைட்டு மினுக் மினுக்னு அடிக்குது, ஒருத்தர் மனசுல இருக்குறது இன்னொருத்தருக்கு தெரியுதாம்

11:02 கார்த்தி: சிங்க்ரனைசர்

11:02 நிலா: ஆமா அதான். அந்த லைட்ட பாத்துதான் எனக்கு தூக்கமே வந்துச்சு

11:03 பெரியப்பா: வாய்ஸ் மெசேஜ் (2:14)

11:04 சித்தி: அத்தான் டைப் பண்ணுங்க, இங்க எல்லாரும் தூங்குறாங்க, சத்தமா போட முடியல

11:09 பெரியப்பா: சரி. முதல் படத்த நான் கேசட்ல பாத்தவன் எனக்கு இன்னைக்கும் அந்த குரல் தான் காதுல நிக்குது பொண்ணு வாயத் தொறந்தா கிழவி மாதிரி கிழவன் மாதிரி கரகரன்னு வரும் அது மெர்சிடஸ் மெக்கேம்ப்ரிட்ஜ்னு ஒரு அம்மா ரேடியோ நாடகத்துல பேர் எடுத்தவங்க பச்சை முட்டைய முழுங்கி சிகரெட் குடிச்சு தொண்டைய அப்படி ஆக்கிக்கிட்டு பேசினாங்களாம் அந்த ரூம் செட்ட பூராவும் ஃப்ரீசர் மாதிரி குளுர வச்சு தான் எடுத்தாங்க வாயில வர்ற ஆவி நெசமான ஆவி. இதெல்லாம் கை கொண்டு செஞ்ச வேலை. ரெண்டாவதுல வெட்டுக்கிளி கூட்டம் கூட்டமா பறக்குது எனக்கு ஒரு நடுக்கமும் இல்ல

11:11 கார்த்தி: சவுண்டுக்கே ஆஸ்கர் குடுத்தாங்க பெரியப்பா. பத்து நாமினேஷன், ரெண்டு கிடைச்சுது. பெஸ்ட் பிக்சர் நாமினேஷன்ல ஒரு ஹாரர் படம் வந்ததே அதான் முதல் தடவை

11:12 கார்த்தி: ஆனா ஒண்ணு சொல்லணும். பூர்மன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. முதல் படத்தையே அவருக்குத்தான் குடுக்க வந்தாங்க, ஒரு குழந்தைய சித்ரவதை பண்ற கதை, நான் எடுக்க மாட்டேன்னு விட்டவரு. அதனால ரெண்டாவதுல அந்தப் பொண்ணு மனசுல இருக்குற நல்லத காட்டணும்னு நெனச்சாரு. அந்த எண்ணத்த எனக்கு மதிக்கத் தோணுது

11:14 நான்: எண்ணம் நல்ல எண்ணம்தான் டா, அதுல எனக்கு சண்டை இல்ல. ஆனா முதல் படம் குழந்தைய சித்ரவதை பண்ற கதைன்னு அவரு நெனச்சதுலயே தான் தப்பு ஆரம்பிக்குதுன்னு எனக்குத் தோணுது. அது ஒரு அம்மாவோட கதை

11:15 நிலா: புரியல அத்தை

11:19 நான்: நீ போன வாரம் பாத்தல்ல, யோசிச்சுப் பாரு. பேய் ஓட்ட வர்ற பெரிய பாதிரியாரு, அந்த தெருவிளக்குக்கு கீழ பெட்டியோட வந்து நிக்கிறாரே, அவரு வீட்டுக்கு வந்து சேர்றதே ஒன்றரை மணி நேரம் ஆனதுக்கப்புறம் தான். படமே ரெண்டு மணி நேரம் தான். அதுவரைக்கும் என்ன நடக்குது? பரணையில ஏதோ சத்தம், எலின்னு நெனைக்கிறாங்க. புள்ளைக்கு தூக்கம் வரல, கட்டில் ஆடுதுங்குது. அம்மா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறா. நரம்புக் கோளாறா இருக்கும்னு மாத்திரை குடுக்குறாங்க. அப்புறம் மூளையில ஏதோ இருக்கும்ங்குறாங்க, எக்ஸ்ரே எடுக்குறாங்க, அதுல ஒண்ணுமே இல்ல. திரும்ப எடுக்குறாங்க. இப்படியே அந்தப் பொம்பள டாக்டர் டாக்டரா அலையுறா, அவளுக்கு சாமி நம்பிக்கை கூட கிடையாது, கடைசியில போக்கிடம் இல்லாம ஒரு பாதிரியார்கிட்ட வந்து நிக்கிறா. நம்மள அவ கூடவே அலைய விட்டுட்டாங்க, அதான் பயம்

11:20 நிலா: அந்த கழுத்துல ஊசி போடுற சீன்ல நான் கண்ண மூடிக்கிட்டேன்

11:21 பெரியப்பா: அந்த ஆஸ்பத்திரி பகுதிய நான் ஃபார்வர்ட் பண்ணி ஓட்டி விட்டுட்டேன் பேய் வர்ற இடத்துக்கு போகணும்னு

11:25 நான்: ஐயோ பெரியப்பா, என்னைப் பொறுத்தவரைக்கும் படத்துலயே பயங்கரமான இடம் அதான். புள்ளய படுக்க வச்சு கட்டி, கழுத்து நரம்புல ஊசி ஏத்துறாங்க, ரத்தம் பீச்சி அடிக்குது, அப்புறம் அந்த எக்ஸ்ரே மெஷின் டமார் டமார்னு இடிக்குது. அதுல பேயும் இல்ல பிசாசும் இல்ல, வெள்ளைக் கோட்டு போட்ட மனுஷங்க அவங்க வேலைய பாக்குறாங்க. புள்ள முகம் மட்டும் துடிக்குது

11:26 அக்கா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

11:26 அக்கா: சாரி தப்பா இங்க போட்டுட்டேன். நாளைக்கு மாமாவ ஸ்டேஷன்ல கூப்பிட யாரு போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க, நாலரைக்கு வண்டி

11:27 கார்த்தி: நான் போறேன் க்கா

11:35 நான்: நீங்க எல்லாரும் இருக்கீங்க, சொல்லிடுறேன். பாப்பாவுக்கு ஒன்றரை வயசுல காய்ச்சல்ல ஃபிட்ஸ் வந்துச்சுல்ல, கண்ணு மேல சொருகி பல்லு கிட்டிப்போய் கையெல்லாம் வெட்டி வெட்டி இழுத்துச்சு, டாக்டர் அப்புறம் கேட்டு கணக்குப் பண்ணப்ப அது மொத்தமே ரெண்டு நிமிஷத்துக்குள்ள தான், ஆனா என் மடியில கெடந்தது என் புள்ள மாதிரியே இல்ல. கூப்பிட்டா காது கேக்கல, என்னைப் பாக்குற கண்ணு என்னைப் பாக்கல. ரெண்டாவது தடவையும் வந்தப்ப மூளை எப்படி வேலை செய்யுதுன்னு பாக்க ஈஈஜி எடுக்கணும்னு சொன்னாங்க. தலையில பசை தடவி சின்னச் சின்னதா வட்ட வட்டமா ஒயர் ஒட்டுவாங்க, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கலரு. பாப்பா அத பிச்சுப் போடக்கூடாதுன்னு ரெண்டு கையையும் நான்தான் பிடிச்சிருந்தேன். பேப்பர்ல கோடு கோடா ஓடுது, அந்த டெக்னீஷியன் ஒரு வார்த்தை சொல்லல, எனக்கு அந்தக் கோட்டுல என்ன இருக்குன்னு படிக்கத் தெரியல. அதுக்கப்புறம் தான் நான் எக்ஸார்சிஸ்ட்ட ரெண்டாவது தடவை பாத்தேன். காலேஜ்ல பாத்தப்ப தலை திரும்புறதுக்கு பயந்தேன், இந்த தடவை ஆஸ்பத்திரி சீன்ல அழுதுட்டேன்

11:36 சித்தி: அதெல்லாம் ஏன் டி இப்ப

11:39 நான்: இல்ல சித்தி சொல்லணும். ஏன்னா ரெண்டாவது பாகத்துலயும் புள்ள தலையில பட்டை கட்டி மெஷின்ல மாட்டுறாங்க, அதப் பாத்ததும் எனக்கு பக்குனு இருந்துச்சு, சரி அதே எடத்துக்கு தான் வராங்கன்னு. வரல. அது விளையாட்டுச் சாமான் மாதிரி மினுக்குது, உடனே பாதிரியாரு அதுல ஒக்காந்து ஆப்பிரிக்காவுல நடந்ததையெல்லாம் பாக்குறாரு. அந்தப் புள்ள கைய பிடிச்சுக்கிட்டு பக்கத்துல நிக்க ஆள் இல்ல. அம்மாவே படத்துல இல்லடா! எலன் பர்ஸ்டின் நடிக்க மாட்டேன்னுட்டாங்க, சரி, ஆனா கதையில அவ ஊர்ல இல்லங்குற கணக்குல விட்டுட்டாங்களே, முன்னாடி அம்மாவுக்கு செக்ரட்டரியா இருந்த ஷேரன் தான் பாத்துக்குறா. அப்படி ஒரு கொடுமைய கண்ணால பாத்த அம்மா நாலு வருஷம் கழிச்சு புள்ளய விட்டுட்டு எப்படி இருப்பா? ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு புள்ள மூச்சு விடுதான்னு பாக்க மாட்டாளா? அதுல தான் டா ரெண்டாவது பாகமே இருந்துச்சு, அத எடுக்காம விட்டுட்டாங்க

11:41 கார்த்தி: இது எனக்கு தோணவே இல்ல க்கா

11:42 கார்த்தி: முதல் படத்துல பேய் எலன் பர்ஸ்டின அடிச்சு தள்ளுற சீன் இருக்குல்ல, இடுப்புல கயிறு கட்டி பின்னாடி இழுத்தாங்க, நெசமாவே முதுகுல அடிபட்டுடுச்சு அவங்களுக்கு. படத்துல கேக்குற அலறல் நெசமான அலறல்

11:43 நிலா: ஐயோ

11:44 பெரியப்பா: இன்னொன்னு கவனிச்சியா முதல் படத்துல அந்தப் பேயோட பேரே சொல்ல மாட்டாங்க ஈராக்ல மண்ணுக்குள்ள இருந்து ஒரு தலை கெடைக்கும் ஒரு சிலை நிக்கும் அவ்ளோ தான். இதுல பசூசு பசூசுன்னு வாய்க்கு வாய்

11:46 நான்: ஆமா பெரியப்பா. பேரு சொல்லி, எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லி, எதுக்கு இந்தப் புள்ளய பிடிச்சுதுன்னு காரணமும் சொல்லிட்டாங்க, அவ நோயாளிங்கள குணப்படுத்துற சக்தி உள்ளவளாம். முதல்ல அவ சாதாரணப் புள்ள. யார் வீட்டுப் புள்ளயா வேணாலும் இருக்கலாம். இப்ப அவ தனிப்பிறவின்னு ஆனதும் நம்ம வீட்டுக்கு அது வராதுன்னு மனசு நிம்மதி ஆயிடுது, அப்புறம் எங்க பயப்படுறது

11:47 நிலா: தியேட்டர்ல ஜனங்க என்ன சொன்னாங்க சித்தப்பா அப்போ

11:48 கார்த்தி: சிரிச்சிட்டாங்க. ரிலீஸ் ஆனதுமே ஜனங்க சிரிக்கிறாங்கன்னு தெரிஞ்சு பூர்மனே திரும்ப எடிட் பண்ணி அனுப்பினாரு. பாவமா இருந்துச்சு படிச்சப்ப. மியூசிக்க மட்டும் நான் விட்டுக் குடுக்க மாட்டேன், கேட்டுப் பாரு தனியா

11:49 நான்: மியூசிக் நல்லா இருக்கு, ஒத்துக்குறேன்

11:50 நிலா: அப்ப மூணாவது பாக்க வேணாமா

11:53 நான்: மூணாவது கட்டாயம் பாரு. 1990. நாவல் எழுதுன வில்லியம் பீட்டர் பிளாட்டியே டைரக்ட் பண்ணது. அதுல ஒரு ஆஸ்பத்திரி வராண்டா சீன் இருக்கு, கேமரா ஒரு கோடியில அசையாம நிக்கும், அந்தக் கோடியில நர்ஸ் ஒருத்தி ராத்திரி டியூட்டி பாக்குறா, ஒரு ரூம் தொறக்குறா, பாக்குறா, திரும்ப வரா, ஃபைல எடுக்குறா, ஒண்ணும் நடக்காது ஒண்ணும் நடக்காது ஒண்ணும் நடக்காது. இதுக்கு மேல சொல்ல மாட்டேன். அவரு முதல் படத்தோட சூட்சுமத்த புரிஞ்சவரு, காக்க வச்சாரு. கடைசியில பேய் ஓட்டுற சீன் ஒண்ணு வேணும்னு கம்பெனிக்காரங்க வற்புறுத்தி சேக்க வச்சது, அந்த இடம் மட்டும் ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும்

11:54 கார்த்தி: 2023ல வந்தத விட்டுட்டியே

11:56 நான்: அத நெனச்சா தான் இன்னும் ஆத்திரம் வருது. அம்பது வருஷம் கழிச்சு எலன் பர்ஸ்டின திரும்ப கூட்டிட்டு வந்தாங்க, நான் எவ்வளவு ஆவலா இருந்தேன் தெரியுமா, அந்த அம்மா கிழவியா வந்து என்ன சொல்லப் போறாங்கன்னு. கொஞ்ச நேரத்துலயே சிலுவையால ரெண்டு கண்ணையும் குத்தி ஆஸ்பத்திரி கட்டில்ல படுக்க வச்சுட்டாங்க. எல்லாத்தையும் பாத்த கண்ண குத்திட்டாங்க

11:57 நிலா: அத்தை அடுத்த ஞாயித்துக்கிழமை முதல் பாகத்த திரும்ப பாக்கலாமா. கண்ண மூடிக்காம பாக்குறேன். நீங்க பக்கத்துல உக்காரணும்

11:57 நான்: வா. லைட்டு எரியட்டும்

11:58 பெரியப்பா: நானும் வரேன் ஆஸ்பத்திரி சீன ஓட்டாம பாக்குறேன்

11:59 அம்மா: எல்லாத்தையும் படிச்சுக்கிட்டு தான் இருக்கேன். அன்னைக்கு ஒயர் ஒட்டுனப்ப நீ பாப்பா கைய பிடிச்சிருந்த, நான் உன் தோள பிடிச்சிருந்தேன், உனக்கு ஞாபகம் இருக்கான்னு தெரியல. பாப்பா தூங்கிட்டாளா

12:02 நான்: இருக்கு மா

12:02 நான்: தூங்குறா. இப்பதான் எட்டிப் பாத்துட்டு வந்தேன்