மறுமொழிகளைக் கிளையாக அடுக்குவதா, வந்த வரிசையில் விடுவதா?

உவர்மலை வாசகர் கேட்டது:

வணக்கம். திருகோணமலையிலுள்ள எங்கள் பழைய மாணவர் சங்கத்தினர் ஊர் நினைவுகளை எழுதுவதற்கென ஓர் உரையாடல் பக்கத்தை அமைக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் எழுதியது எதையும் ஒரு வாரத்துக்குப் பிறகு தேடி எடுக்க முடியவில்லை என்பதே காரணம். பரீட்சார்த்தமாக, 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்னர் துறையைக் கடந்த அனுபவங்களை எழுதும்படி கேட்டிருந்தோம். மூன்று வாரத்தில் 140 மறுமொழிகள் வந்து சேர்ந்தன.

முதலில் ஒவ்வொரு மறுமொழியையும் அது எதற்குப் பதிலோ அதன் கீழே, சற்று உள்ளே தள்ளிக் கிளைகளாக வைத்தேன். ஆறாவது படிக்கு மேல் கைத்தொலைபேசியில் ஒரு வரிக்கு இரண்டு சொற்களே அடங்கின. புதிதாக எழுதப்பட்டது எந்தக் கிளைக்குள் ஒளிந்திருக்கிறது என்று தெரியவில்லை என மூத்த உறுப்பினர்கள் குறைப்பட்டார்கள். ஆகவே எல்லாவற்றையும் வந்த நேரப்படி ஒரே நிரலாக மாற்றினேன். இப்போது "ஆம், அதுதான் சரி" என்று ஒருவர் எழுதினால் எது சரி என்பது எவருக்கும் விளங்குவதில்லை. ஒருவர் "பாதை இரவு எத்தனை மணிக்கு நிற்கும்?" என்று கேட்டிருந்தார். பாதை என்றால் வீதி என்று எண்ணிய வெளிநாட்டுப் பிள்ளை ஒன்று பதில் எழுத, அந்தக் காலத்தில் ஆட்களை ஏற்றித் துறையைக் கடந்த மிதவையான 'பாதை'யைப் பற்றி மற்றவர்கள் தந்த விளக்கங்கள் பன்னிரண்டு மறுமொழிகள் தள்ளிச் சிதறிக் கிடக்கின்றன.

எந்த முறையைத் தெரிவுசெய்வது? விருப்பு வாக்குகளின்படி அடுக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். பின்னர் மனம் மாறினால் இதுவரை எழுதியவை குழம்பிப் போகுமா என்பதும் என் அச்சம்.


மூதூர் கணினி ஆசிரியர்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது. ஒரு மறுமொழி எதற்குப் பதில் என்பதைத் தரவுத்தளத்தில் பதிந்து வைப்பது ஒரு வேலை; அதைத் திரையில் எப்படிக் காட்டுவது என்பது முற்றிலும் வேறு வேலை. முன்னதைச் செய்துவிட்டால் பின்னதை நாளைக்கே மாற்றலாம், மறுநாள் திருப்பியும் மாற்றலாம். முன்னதைச் செய்யாமல் விட்டால் எந்த மென்பொருளாலும் பிறகு அதை மீட்டுத் தர முடியாது.

இரண்டு வழிகளும் மிகப் பழையவை. 1973 இல் இலினோய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ என்ற கணினி அமைப்பில் டேவிட் வுல்லி எழுதிய 'நோட்ஸ்' செயலியில் ஒரு குறிப்புக்கு 63 மறுமொழிகள் வரை வந்த வரிசையில் சேர்க்கலாம். கிளை என்பதே கிடையாது. கணினிகளுக்கிடையே மடல்கள் பரவிய பழைய உரையாடல் வலையமைப்பான யூஸ்நெட்டிலோ ஒவ்வொரு மடலுக்கும் தனித்த அடையாள எண் இருந்தது. பதில் மடல் தன் தலைப்பகுதியில் முந்திய மடல்களின் எண்களைச் சுமந்துகொண்டு வந்தது. அந்த எண்களைக் கொண்டே வாசிப்பு மென்பொருள்கள் கிளைகளைக் கட்டின. இடையில் ஒரு மடல் வந்து சேராமற் போனால் என்ன செய்வது? நெட்ஸ்கேப் அஞ்சல் செயலிக்காக ஜேமி சவின்ஸ்கி வகுத்த முறையில், காணாமற்போன மடலுக்குரிய இடத்தில் ஒரு வெற்றுப் பெட்டியை வைத்து, அந்த மடலுக்கு வந்த பதில்களை அதற்குக் கீழே சேர்த்துவிடுவார்கள். என் மாணவர்களுக்கு நான் விரும்பிச் சொல்லிக் கொடுக்கும் உத்தி அது.

உங்கள் தரவுத்தள அட்டவணையில் செய்யவேண்டியது ஒரேயொரு நிரலைச் சேர்ப்பதுதான்: இந்த மறுமொழியின் தாய் எது, அதாவது இது எந்த மறுமொழிக்குப் பதில் என்னும் எண். தரவுத்தள மென்பொருளாக மைஎஸ்கியூஎல் பயன்படுத்துவதானால், 2018 இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து முழுக் கிளையையும் ஒரே வினவலில் இறக்கி எடுக்கலாம். போஸ்ட்கிரெஸ் என்ற மற்றொரு தரவுத்தள மென்பொருளில் இந்த வசதி 2009 இலேயே வந்துவிட்டது. ஆழத்தைப் பொறுத்தவரை, வலைப்பதிவு மென்பொருளான வேர்ட்பிரஸ் தன் மறுமொழிகளை இயல்பாக ஐந்து படிகளுடன் நிறுத்திக்கொள்கிறது. தொலைபேசித் திரைக்கு அதுவும் கூடுதல் என்பது என் எண்ணம். இரண்டு படிகள் போதும்.

இன்னொன்று. எவராவது தம் மறுமொழியை அழிக்கக் கேட்டால் சொற்களை மட்டும் நீக்கி, இடத்தை "நீக்கப்பட்டது" என்று விட்டுவையுங்கள். அட்டவணையில் அதற்குரிய பதிவையே அழித்தால் அதன் கீழிருந்த பதில்கள் அநாதையாகிவிடும்.


நிலாவெளி அக்கா:

நான் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள். கணினி அறிவு எனக்குக் குறைவு. ஆனால் இந்தச் சிக்கல் எங்கள் உரையாசிரியர்களுக்கும் இருந்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர் தமக்கு முந்தியவரின் கருத்தை மறுக்கும் இடங்களில் "உரையாசிரியர்" என்று குறிப்பிடுவார். அது இளம்பூரணரைக் குறிக்கும் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் உரைகளில் "என்பாரும் உளர்" என்று மட்டும் வருகிற இடங்கள் எத்தனையோ! அந்த "உளர்" யார் என்று தேடியே என் கல்லூரிக் காலத்தில் பல இரவுகள் கழிந்தன. கேள்வி கேட்ட தம்பியின் பக்கத்தில் "ஆம், அதுதான் சரி" என்று எழுதியவர் செய்ததும் அதே வேலைதான்.

அதற்கு மாற்றாக உரைவளப் பதிப்புகள் வந்தன. ஒரு நூற்பாவை மேலே போட்டு, அதற்கு இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் முதலானோர் சொன்னவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடுவார்கள். யார் யாரை மறுக்கிறார் என்பது ஒரே பக்கத்தில் பளிச்சென்று தெரியும். ஆயினும் அந்தப் பதிப்பில் மட்டும் படித்த மாணவருக்குச் சேனாவரையரின் நடை இன்னதென்று பிடிபடுவதில்லை. முன் நூற்பாவில் தொடங்கிய வாதத்தை அவர் அடுத்ததில் எப்படித் தொடர்கிறார் என்பது நடுவில் அறுந்துவிடுகிறது. கிளைமுறையிலும் இந்த இழப்பு உண்டு. ஒவ்வொரு சண்டையும் தனித்தனியே தெளிவாகும். ஆனால் அன்று மாலை எல்லோரும் கூடிப் பேசிய பேச்சின் ஓட்டம் தெரியாமற்போகும். பாதையடியில் நின்று கதைப்பது போன்ற நினைவுகளுக்கு அந்த ஓட்டம்தான் முக்கியம். ஆகவே வந்த வரிசையே எனக்கு உகந்தது. ஆனால் "என்பாரும் உளர்" என்று விட்டுவிடாமல், யாருக்குச் சொன்னது என்பது ஒவ்வொன்றின் தலையிலும் இருக்கவேண்டும்.


உப்புவெளித் தம்பி:

வாக்குமுறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரெடிட் என்ற உரையாடல் தளத்தில் 2009 இல் "சிறந்தவை" என்ற அடுக்குமுறை வந்தது. அதன் அடிப்படை 1927 இல் எட்வின் வில்சன் என்ற புள்ளியியலாளர் தந்த சூத்திரம். ஒரே வாக்கைப் பெற்று, அதுவும் ஆதரவாக அமைந்த மறுமொழிக்கு நூற்றுக்கு நூறு என்று மதிப்பிட்டால், 50 வாக்குகளில் 40 ஆதரவு பெற்ற மறுமொழியை அது முந்திவிடும் அல்லவா? வில்சனின் முறையில் 95 சதவீத நம்பிக்கை அளவில் கணித்தால் முதலாவதின் கீழ் எல்லை (உண்மையான ஆதரவு இதற்குக் குறையாது என்று நம்பத்தக்க மதிப்பு) ஏறத்தாழ 0.21, இரண்டாவதினுடையது 0.67. ஆகவே நன்கு சோதிக்கப்பட்டதே மேலே நிற்கும்.

கணக்கு அழகானதுதான். ஆனால் முதல் நாளில் எழுதியவரையே எல்லோரும் வாசிக்கிறார்கள், ஆகவே வாக்கும் அவருக்கே போகிறது. மூன்றாம் வாரத்தில் வந்து, பாதையைக் கயிறு பிடித்து இழுத்தவர்களோடு வேலை செய்ததைப் பற்றி எழுதும் முதியவர் அடியில் கிடப்பார். நிரல் எழுதுவோர் கேள்வி கேட்டுப் பதில் பெறுவதற்கென 2008 இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ போன்ற இடத்தில் இம்முறை பொருந்துகிறது, ஏனென்றால் அங்கே ஒரு கணினி நிரல் ஓடும் அல்லது ஓடாது. நினைவுக்கு அப்படிச் சரி, பிழை பார்க்க முடியுமா? தகவல் கேட்கும் இழைகளுக்கு (உரையாடல் தொடர்களுக்கு) வேண்டுமானால் வாக்கை வையுங்கள் என்பேன்; அக்காவும் ஆசிரியரும் இதற்கு உடன்படமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.


மூதூர் கணினி ஆசிரியர்:

உடன்படமாட்டேன். தகவல் இழையிலும் கேள்வி கேட்டவரே "இதுதான் எனக்கு உதவியது" என்று ஒன்றைக் குறித்துவிட்டால் போதும். 60 பேர் உள்ள சங்கத்தில் வாக்கு என்பது உறவுமுறையைத்தான் எண்ணும்.


உவர்மலை வாசகர்:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு செய்து முடித்துவிட்டேன். தாய் எண்ணுக்கான நிரலைச் சேர்த்து, 140 மறுமொழிகளையும் ஒவ்வொன்றாக வாசித்து இணைத்தேன். 31 மறுமொழிகள் எதற்குப் பதில் என்று என்னால் அறிய முடியவில்லை. ஊகித்து இணைப்பதைவிட வெறுமையாக விடுவது மேல் என்று விட்டுவிட்டேன்.

பக்கம் இப்போது வந்த நேரப்படியே ஓடுகிறது. ஒவ்வொரு மறுமொழியின் தலையிலும், அது யாருக்குச் சொன்னதோ அவருடைய பெயரும் அவர் எழுதியதன் முதல் எட்டுச் சொற்களும் சாம்பல் நிறத்தில் தெரியும்; அதை அழுத்தினால் அந்த இடத்துக்குப் போகலாம். அடியில் "இதற்கு 4 மறுமொழிகள்" என்று இருக்கும். அழுத்தினால் அந்தக் கிளை மட்டும் ஒரேயொரு படி உள்தள்ளி விரியும். வாக்கை இப்போதைக்கு விட்டுவிட்டேன். போன இடத்திலிருந்து திரும்பி வருவதற்கு வழியில்லை என்று சங்கத் தலைவர் இன்று காலையே தொலைபேசியில் சொல்லிவிட்டார். அதற்கு ஒரு பொத்தான் வைக்கவேண்டும்.


நிலாவெளி அக்கா:

அந்த 31 இல் இரண்டு என்னுடையவை, தம்பி. பாதை நிற்கும் நேரத்தைப் பற்றி நான் எழுதியது அந்த வெளிநாட்டுப் பிள்ளைக்குச் சொன்ன பதில். மற்றையது எதற்கு எழுதினேன் என்று எனக்கே இப்போது ஞாபகமில்லை, அப்படியே விட்டுவிடுங்கள்.