புதுப்பிப்பு: விடுமுறைக்கு எந்தப் புத்தகம்?

தேன்கனிக்கோட்டை அத்தை வீட்டுக்கு என்ன புத்தகம் கொண்டுபோகலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். 'போற ஊரைப் பத்தினதா எடுங்க' என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது.

வேட்டைக் கதைகள் எழுதிய கென்னத் ஆண்டர்சனை எடுத்துப்போனேன். 1954-ல் வந்த அவருடைய முதல் புத்தகத்திலேயே ஜவளகிரி ஆட்கொல்லிப் புலி வருகிறது. அந்த ஜவளகிரி அத்தை ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான்! ராத்திரி திண்ணையில் கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் மாமா குறுக்கே புகுந்து காட்டுவழிகளை விவரித்தார். அண்ணன் மகன் செல்போனைக் கீழே வைத்துவிட்டான்.

புறநானூறு, பகலில் ஒரே ஒரு பாட்டு, உரையோடு. நெல்லிக்கனி தந்த அதியமானை ஔவை வாழ்த்தும் 91-ஆம் பாட்டை, திரும்பும் வழியில் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் படித்தேன். அதியமான் ஆண்ட தகடூர் இதுதானே, சிலிர்த்துவிட்டது.

தடி நாவல் வேண்டாம். சொந்தக்காரர்கள் வந்துபோகிற வீட்டில் நிறுத்தி நிறுத்திப் படிக்க முடிவதுதான் தோது.

அடுத்து ஒகேனக்கல். காவிரியைப் பற்றி நல்ல பயணநூல் இருந்தால் சொல்லுங்க.