லெவல் 6-ல் க்ளெரிக் செத்தாச்சு: மாற்று கேரக்டரை எப்படி, எந்த லெவலில் கொண்டுவருவது?

பகடைப்பித்தன்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையில் பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். ஆட்டத்தை நடத்துவது நான். பார்ட்டியில் (ஒன்றாகப் போகும் கேரக்டர் குழு) நாலு பேர்: ஃபைட்டர் (போராளி), ரோக் (பதுங்கித் தாக்குபவர்), விசார்ட் (மந்திரவாதி), க்ளெரிக் (குணப்படுத்தும் பூசாரி). எல்லாரும் லெவல் 6. நிலவறையின் மூணாவது தளத்தில் க்ளெரிக் ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) ஜீரோவாகி மயங்கி விழுந்தார், அதே ரவுண்டில் ரெண்டு ஓகர் (ராட்சத அரக்கர்கள்) ஆளுக்கொரு அடி போட்டுவிட்டன. ரெவிவிஃபை (செத்து ஒரு நிமிஷத்துக்குள் உயிர்ப்பிக்கும் மந்திரம்) தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஊர் ஆறு நாள் நடை. ஆட்டக்காரர் பழைய கேரக்டர் திரும்பினாலும் சரி, புதுசு என்றாலும் சரி என்கிறார். புதுசு என்றால் எந்த லெவல்? நிலவறைக்கு நடுவில் எப்படி நுழைப்பது? செத்தவரிடம் +1 மேஸும் (மந்திர கதாயுதம்) க்ளோக் ஆஃப் புரொடெக்ஷனும் (காப்பு தரும் மந்திரப் போர்வை) இருக்கு, அது யாருக்கு?

கிழக்குவாசல்

முதலில் சாவுக் கணக்கைச் சரிபாருங்க. மயங்கிக் கிடப்பவரை 5 அடிக்குள் நின்று அடித்து, அடி பட்டால் அது தானாகவே கிரிட்டிகல் (கூடுதல் பலமுள்ள அடி). அதனால் ஒரு அடிக்கு ரெண்டு டெத் சேவ் (மயங்கியவர் பிழைக்க உருட்டும் பகடை) ஃபெயிலியர். ரெண்டு அடிக்கு நாலு, சாவுக்கு மூணே போதும். ஆனா ஓகர்கள் தூரத்தில் நின்று ஜாவலின் (எறி ஈட்டி) எறிந்திருந்தால் அடிக்கு ஒண்ணுதான். மொத்தம் ரெண்டு, ஆள் இன்னும் உயிரோட இருக்கார்! நிறைய டேபிளில் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமலே ஆளைப் புதைச்சுடறாங்க.

கிட்ட நின்றுதான் அடித்தன என்றால் அடுத்த வழி ரெய்ஸ் டெட், செத்தவரை எழுப்பும் மந்திரம். செத்து 10 நாளுக்குள், 500 கோல்ட் பெறுமான வைரம், ஒரு மணி நேரச் சடங்கு, ஊரில் லெவல் 9 க்ளெரிக் ஒருவர். தலை இல்லாத உடலுக்கு வேலை செய்யாது, அதனால் ஓகர் சமையல் ஆரம்பிக்கும் முன் உடலை எடுத்துடுங்க. ஆறு நாள் நடை போனால் நாலு நாள் கையிருப்பு. அது பத்தாதுன்னு தோணினா விசார்டின் புத்தகத்தில் ஜென்டில் ரிபோஸ் (பிணத்தைக் கெடாமல் காக்கும் மந்திரம்) இருக்கான்னு பாருங்க. சிட்டிகை உப்பு, கண் ஒண்ணுக்கு ஒரு செப்புக்காசு (நம்மூர் நெற்றிக்காசு மாதிரி, இங்கே கண்மேல). அது இருக்கும் நாட்கள் பத்து நாள் கணக்கில் சேராது. காசு விழுந்தா மந்திரமும் போச்சு, தூக்கிட்டுப் போறவங்க கட்டி வைக்கணும். ரிச்சுவலா (மெதுவா, சடங்கு முறையில்) போட்டால் ஸ்லாட் (நாளுக்கு இத்தனை என்ற மந்திரக் கணக்கு) செலவில்லை, பத்து நிமிஷம் கூடுதல். ரெவிவிஃபையின் ஒரு நிமிஷக் கெடுவுக்கு அது உதவாது, ரெய்ஸ் டெட்டுக்கு தாராளம்.

எழுந்து வந்தவருக்கு அட்டாக், சேவ் (ஆபத்தைத் தவிர்க்க உருட்டுவது), செக் (திறமையைச் சோதிக்க உருட்டுவது) எல்லாத்திலும் மைனஸ் 4. ஒரு லாங் ரெஸ்டுக்கு (ராத்திரி முழு ஓய்வு) ஒண்ணு குறையும். நாலு ராத்திரி அவரைச் சண்டைக்கு முன்னாடி நிறுத்தாதீங்க.

மூணாம்தளம்

புதுசுன்னா லெவல் 6-லேயே கொண்டுவாங்க, இதுல பேரமே வேண்டாம். தண்டனை மாதிரி லெவல் 1-ல் விட்டால் என்ன ஆகும்னு ஒரு கணக்கு: ஃபயர்பால் (நெருப்புக்குண்டு மந்திரம்) செய்யும் சேதத்தின் சராசரி 28. எட்டு ஹிட் பாயிண்ட் விசார்ட் சேவ் தவறினால் எட்டு போய் மிச்சம் 20. அது அவருடைய அதிகபட்ச ஹிட் பாயிண்டைத் தாண்டுவதால் டெத் சேவ் கூட இல்லை, உடனே சாவு. சேவ் ஜெயித்தாலும் பாதி 14, மயக்கம். மத்தவங்க ஆடறதை அவர் பார்த்துட்டு உட்காரணும்.

நுழைக்கிறதுக்கு எல்லாரும் முதலில் எடுக்கிறது "பக்கத்து அறையில் கைதி". நல்ல வழிதான், ஆனா க்ளாஸைப் பார்த்துச் செய்யுங்க. மங்க் கைதின்னா பிரச்சினை இல்லை, வெறுங்கையே ஆயுதம். ப்ளேட் கவசமும் கேடயமும் போட்டு ஏசி (எதிரி அடி பட உருட்ட வேண்டிய எண்) 20-ல் இருக்க வேண்டிய பாலடின் (புனித வீரர்) கைதின்னா, பத்தும் டெக்ஸ் (சுறுசுறுப்பு) மாடிஃபையரும்தான் மிச்சம். ஸ்பெல்புக் இல்லாத விசார்ட் இன்னும் மோசம். அதனால் அவர் பொருளைக் காவலாளி அறையில், ஒரே ஒரு கதவுக்கு அப்பால் வையுங்க. அதை மீட்கிறதே முதல் சண்டையா இருக்கட்டும்.

கைதி வேண்டாம்னா, ஏற்கெனவே கூட வர்ற என்பிசி (ஆட்டத்தை நடத்துபவர் ஆடும் துணைப் பாத்திரம்) யாராவது? தீவட்டி பிடிக்கிற கூலியாள் பேராவது பார்ட்டிக்குத் தெரியும். அவரை ஆட்டக்காரர் கையில் கொடுத்து லெவல் 6 ஷீட் (கேரக்டர் விவரத் தாள்) எழுதினால் "இவனை நம்பலாமா" என்கிற அரை மணி நேர விசாரணையே வராது.

முற்றிலும் புது ஆள்னா செஷனுக்கு முன்னாடியே ஆட்டக்காரர்கிட்ட ரெண்டு பதில் வாங்குங்க. பார்ட்டியில் யாரை முன்பே தெரியும் (அந்த ஆட்டக்காரரும் சம்மதிக்கணும்). இதே நிலவறையில் அவருக்கு என்ன வேண்டும். மூணாவதா ஒண்ணை நீங்க கொடுங்க: பார்ட்டிக்குத் தெரியாத ஒரு உண்மை, உதாரணமா கீழ்த்தளப் படிக்கட்டு எங்கே இருக்குன்னு. அது கையில் இருந்தா அவங்களே கூப்பிட்டுச் சேர்த்துப்பாங்க. முதல் இருபது நிமிஷத்துக்குள் ஆள் மேசையில் இருக்கணும்.

பழையபெட்டி

லெவல் 1 எப்பவுமே தப்புன்னு சொல்றதை ஒத்துக்க மாட்டேன், பதிப்பைப் பொறுத்தது. இதே விளையாட்டின் 1981 பேசிக், எக்ஸ்பர்ட் பெட்டிகளில் ஃபைட்டருக்கு லெவல் 5-க்கு 16,000, 6-க்கு 32,000 எக்ஸ்பி (லெவல் ஏறச் சேர்க்கும் அனுபவப் புள்ளி). ஏறக்குறைய ஒவ்வொரு படியும் இரட்டிப்பு. பழையவர் 5-லிருந்து 6-க்குப் போகச் சேர்க்கும் அதே 16,000-ஐ புது ஆளும் சேர்த்தால் லெவல் 5 வந்துடுவார். புதையலுக்கு எக்ஸ்பி என்பதால் பின்னால் நின்று மூட்டை தூக்கினாலும் வளரலாம். ஐந்தாம் பதிப்பில் எக்ஸ்பி பெரும்பாலும் சண்டையிலிருந்து வருது, அதனால் மூணாம்தளம் சொன்ன ஃபயர்பால் கணக்குதான் அங்கே செல்லும்.

1991-ல் வந்த டார்க் சன் (இதே விளையாட்டுக்கான ஒரு கற்பனை உலகம்) இதுக்கு வேற வழி வச்சிருந்தது: ஒரு ஆட்டக்காரருக்கு நாலு கேரக்டர், ஒண்ணு ஆட்டத்தில், மூணு காத்திருப்பில். ஆடுகிறவர் லெவல் ஏறும்போது காத்திருப்பவர்களில் ஒருவரும் ஏறுவார். நீங்க நாலு வைக்க வேண்டாம், ஆளுக்கு ஒரு உபரி ஷீட் கோப்பில் இருந்தாலே போதும்.

பகடைப்பித்தன்

நன்றி. கிட்ட நின்றுதான் அடித்தன, ஜாவலின் இல்லை. விசார்ட் புத்தகத்தில் ஜென்டில் ரிபோஸ் இல்லை. ஆட்டக்காரரிடம் கேட்டேன், புதுசே போகலாம் என்கிறார், பாலடின். அந்த மேஸும் க்ளோக்கும்?

மூணாம்தளம்

2014 டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) கையேட்டுப்படி சாதாரண கேம்பெய்னில் (தொடர் ஆட்டத்தில்) லெவல் 5 முதல் 10 வரை சேர்பவருக்கு வழக்கமான ஆரம்பப் பொருட்கள், கூட 500 கோல்ட், மேலே ஒரு டி10 (பத்து முகப் பகடை) உருட்டி 25-ஆல் பெருக்கியது. மேஜிக் பொருள் கிடையாது. பாலடினும் அப்படியே வரட்டும், மேஸையும் க்ளோக்கையும் பார்ட்டி அவருக்குக் கொடுக்கட்டும். அவருக்கும் புதுசா மேஜிக் கொடுத்து, செத்தவருடையதை மத்த மூணு பேரும் பிரிச்சுக்கிட்டா, ஒவ்வொரு சாவுக்கும் பார்ட்டி பணக்காரனாகும். அப்புறம் ஓகர் பக்கத்தில் மயங்கிக் கிடக்கிறவனை யாரும் அவசரப்பட்டுத் தூக்க மாட்டாங்க. க்ளோக்குக்கு அட்யூன்மென்ட் (பொருளோடு ஒன்றிப் பழகுவது) வேணும், அதனால் சேர்ந்த உடனே ஒரு ஷார்ட் ரெஸ்டுக்கு (சின்ன ஓய்வு) இடம் விடுங்க.

ரெண்டு மூணு ஹீலிங் போஷன் அந்தக் காவலாளி அறையிலேயே வையுங்க. பாலடின் தொட்டுக் குணப்படுத்தும் லே ஆன் ஹேண்ட்ஸில் லெவல் 6-க்கு 30 பாயிண்ட்தான், அதுவும் தொடும் தூரம். க்ளெரிக் 60 அடி தள்ளி நின்று போனஸ் ஆக்ஷனில் ஹீலிங் வேர்ட் (குணப்படுத்தும் மந்திரம்) போட்ட பழக்கத்தில் ரோக் தனியா முன்னாடி ஓடிடுவார்.